பவர் டேபிளுக்கு சர்வோ மோட்டார்: ஒரு கால் வலுக்குறைந்த டெய்லருக்கு எவ்வளவு உதவும்?

போலியோ தாக்கிய காலோடு வரும் டெய்லரை செக்கிங் டேபிளுக்கு அனுப்பிவிடுவது பனியன் கம்பெனிக்கு எளிது. தையல் கற்ற கைக்கு அது கூலிக் குறைவு. திருப்பூர் மெஷின் கடைகளில் கிடைக்கும் 550 வாட் சர்வோ மோட்டார் செட்டை மாட்டினாலே அவரைத் தையலில் வைத்துக்கொள்ள முடியும்.

பவர் டேபிளில், அதாவது மோட்டாரில் ஓடும் தையல் மெஷினில், பழைய கிளட்ச் மோட்டார் சுவிட்ச் போட்டதிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். மெதுவாகத் தைக்க, பெடலைப் பாதி மிதியில் நிறுத்திப் பிடிக்க வேண்டும். வலுக்குறைந்த காலால் முடியாதது அந்தப் பிடிதான். சர்வோ மிதிக்கும்போது மட்டும் சுற்றும். அதில் பெடலை மோட்டாரோடு இணைக்கும் ராடு ஒரு சிறிய சென்சார் லீவரை மட்டும் அசைக்கிறது. உச்ச வேகத்தைக் குறைத்து வைத்தால், முழுதாக மிதித்தாலும் அதைத் தாண்டாது.

காது கேளாதவருக்கும் இது பாதுகாப்பு. கிளட்ச் மோட்டார் அணைத்த பிறகும் சற்று நேரம் சுற்றும். அந்தச் சத்தம் கேட்காமல் நூல் கோக்கும்போது பெடலில் கால் பட்டால் ஊசி விரலில் இறங்கும்.

கெடுவது பொருத்தும் இடத்தில். ராடு சாய்ந்திருந்தால் லீவர் முழுதாகத் திரும்பாது, காலை எடுத்த பிறகும் மெஷின் ஊர்ந்துகொண்டிருக்கும். பெடல் இலகுவாகட்டும் என்று ஸ்பிரிங்கை அதிகம் தளர்த்தக் கூடாது. தூக்க வலுவில்லாத கால் அதன் மேல் கிடந்தால் அந்தப் பாரமே மெஷினை ஓட்டிவிடும். பெடலை நல்ல கால் பக்கம் நகர்த்தி, ராடையும் அதற்கு நேராகக் கொண்டுவர வேண்டும். புல்லி அளவு மாறினால் பழைய பெல்ட் சேராது. சுற்றும் திசையைப் பார்க்காமல் ஓட்டினால் நூல் சிக்கும்.

இரண்டு காலும் வலுவிழந்தவருக்கு இந்த செட் மட்டும் போதாது. லீவரை முழங்கால் பட்டையோடு இணைக்கலாம், அதற்கும் தொடையில் கொஞ்சம் வலு வேண்டும். முழங்கால் இதற்குப் போய்விடுவதால், துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் புட்டைத் தூக்க, மெஷின் தலையின் பின்னால் உள்ள கைப்பிடிதான்.  சக்கர நாற்காலி என்றால் டேபிளுக்கு அடியிலுள்ள குறுக்குக் கம்பியையும் மாற்ற வேண்டும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நியாயமான மாற்றத்தைச் செய்து தர மறுப்பதையும் பாகுபாடு என்றே சொல்கிறது.

மோட்டார் மாற்றிய முதல் இரண்டு வாரம் பீஸ் ரேட் வேண்டாம், ஷிப்ட் சம்பளம் கொடுங்கள். கிளட்ச்சில் பழகிய கால் சர்வோவின் இலகுவுக்குப் பழக நாளாகும். அதுவரை பீஸ் குறையத்தான் செய்யும்.