பள்ளிக்கூட முதலுதவிப் பெட்டி: மருந்து இருக்கிறது, சீட்டு இல்லை

மழலையர் பள்ளிகளுக்கும் குழந்தைக் காப்பகங்களுக்கும் என்றே 'ஸ்கூல் ஃபர்ஸ்ட் எய்ட் கிட்' என்ற பெயரில் சர்ஜிக்கல் கடைகளில் ஒரு பெட்டி விற்கிறார்கள். ஆன்லைனிலும் கிடைக்கிறது. வெள்ளைத் தகரம் அல்லது பிளாஸ்டிக், முன்பக்கம் ஒரு கூட்டல் குறி, பூட்டச் சின்னதாக ஒரு சாவி. எந்தக் கம்பெனிப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே ஏறக்குறைய ஒரே சரக்குதான்: பஞ்சுச் சுருள், ரோலர் பேண்டேஜ், காஸ் துணி, டேப், பேண்ட்-எய்ட், டெட்டாலோ சாவ்லானோ ஒரு குப்பி, பொவிடோன் அயோடின் களிம்பு, தீக்காயக் களிம்பு, வலி ஸ்ப்ரே, பாராசிட்டமால் மாத்திரை அட்டை, கத்தரிக்கோல். அதனால் இது ஒரு கம்பெனியைப் பற்றிய மதிப்பீடு அல்ல, இந்த வகைப் பெட்டி மொத்தத்துக்குமானது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெட்டியை வாங்கலாம். ஆனால் உள்ளே இருப்பதில் பாதியை எடுத்துவிட்டு, வேறு சில பொருட்களைச் சேர்க்க வேண்டும். சேர்க்க வேண்டியவற்றில் முதலாவது மருந்தே அல்ல, ஒரு சீட்டுப் புத்தகம். குழந்தைக்கு என்ன ஆயிற்று, எத்தனை மணிக்கு, என்ன செய்தோம் என்று எழுதி அன்றைக்கே வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சீட்டு. அடிபட்ட குழந்தையைக் கவனிப்பதில் பாதி வேலை பள்ளியிலும் மீதி வேலை வீட்டிலும் நடக்கிறது. இரண்டையும் இணைப்பது அந்தச் சீட்டுதான். பெட்டி தயாரிப்பவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

முதலில் எடுத்துவிட வேண்டியவை. பஞ்சு: திறந்த காயத்தில் வைத்தால் இழை இழையாக ஒட்டிக்கொள்ளும், பிறகு அதைப் பிய்த்தெடுப்பது குழந்தைக்கு இரண்டாவது காயம். அதற்குப் பதில் தனித்தனி உறையில் வரும் ஸ்டெரைல் காஸ், 10 செ.மீ. அளவில் 20 துண்டு வையுங்கள். டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. எரிச்சல் ஒரு பக்கம், தோலும் புண்ணாகும். முட்டிச் சிராய்ப்பைக் கழுவ நல்ல குழாய்த் தண்ணீரே போதும். ஒட்டியிருக்கும் மண் போகும்வரை ஓடவிட வேண்டும், அதுதான் முக்கியம். வலி ஸ்ப்ரே மூன்று வயதுக் குழந்தைக்கு உரியதே அல்ல. அடித்த கையைக் கண்ணில் தேய்த்துக்கொண்டால் இன்னொரு தொல்லை.

பாராசிட்டமால் விஷயத்தில் கணக்குப் பாருங்கள். ஒரு வேளைக்கு, குழந்தையின் எடையில் கிலோவுக்கு 15 மி.கி. என்பது அளவு. 14 கிலோ குழந்தைக்கு 210 மி.கி. பெட்டியில் இருப்பதோ பெரியவர்களுக்கான 500 மி.கி. மாத்திரை. சிரப் வைத்தாலும் சிக்கல் உண்டு: 5 மி.லி.க்கு 120 மி.கி., 250 மி.கி. என்று இரண்டு வகை கடையில் விற்கிறது, மூடி அளவு ஒன்றுபோலவே இருக்கும். பெற்றோர் எழுதிக் கொடுக்காமல் எந்த மருந்தையும் பள்ளி கொடுக்கக் கூடாது. அதனால் மாத்திரை அட்டைக்குப் பெட்டியில் வேலையே இல்லை.

தீக்காயக் களிம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மதியச் சாப்பாட்டில் சாம்பாரோ பாலோ கொட்டினால் முதல் மருந்து தண்ணீர்தான், ஓடும் தண்ணீரில் முழுதாக 20 நிமிடம். ஐஸ் கூடாது, காபித்தூள் கூடாது, தோசை மாவு, பற்பசை, பேனா மை எதுவும் கூடாது. மஞ்சள் களிம்பைப் பூசினால் தோல் எவ்வளவு வெந்திருக்கிறது என்று டாக்டர் பார்க்க முடியாமல் போகும். இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு தவறு நடக்கிறது. ஏப்ரல், மே மதியத்தில் மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே சுடும். அதை வெந்த கையில் விட்டால் காயம் பெரிதாகும். குழாயை முதலில் உங்கள் கையில் திறந்து பாருங்கள். சுட்டால் கேன் தண்ணீரையோ பானைத் தண்ணீரையோ சொம்பில் மொண்டு விட்டுக்கொண்டே இருங்கள். வீக்கம் வருவதற்கு முன்பே வளையலையும் காப்பையும் கழற்றிவிட வேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. பிறகு சுத்தமான மெல்லிய துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

சேர்க்க வேண்டியவை பெரிய செலவு இல்லை. கண்ணில் மண் விழுந்தால் கழுவச் சின்ன சலைன் ஆம்பூல்கள், ஒட்டாத வகை டிரெஸ்ஸிங், ஒரு டப்பா கையுறை (பெட்டியோடு வரும் ஒரு ஜோடி ஒரே நாளில் தீர்ந்துவிடும்), டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஃப்ரிட்ஜில் வைக்க இரண்டு ஜெல் பேக், அதைச் சுற்ற மெல்லிய துண்டு, மூடி போட்ட ஒரு சின்ன டப்பா. கடைசியில் சொன்னது பல்லுக்கு. ஆறேழு வயதில் முளைத்த நிலைப்பல் வேரோடு பெயர்ந்து விழுந்தால், வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுத்து, அழுக்கு இருந்தால் ஒரு நொடி அலசி, ஆவின் பாலில் போட்டு பல் டாக்டரிடம் ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்தால் திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டு. பால் பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது, அடியில் இருக்கும் நிலைப்பல்லைக் கெடுத்துவிடும். ஆனால் விழுந்த பல்லைத் தேடி எடுத்தே ஆக வேண்டும். குழந்தை அதை விழுங்கியதா, மூச்சுக்குழாயில் போய்விட்டதா என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

பெட்டியின் பூட்டை முதல் நாளே கழற்றிவிடுங்கள். சாவி தாளாளர் அறை மேசை டிராயரில் இருக்கும், அவர் கூட்டத்துக்குப் போயிருப்பார். குழந்தைக்கு எட்டாத உயரத்தில், விளையாடும் இடத்துக்குப் பக்கத்துத் தாழ்வாரத்தில் மாட்டினால் பூட்டே தேவையில்லை.

இனி சீட்டு. இது எதற்காக என்று புரிய, மழலையர் பள்ளியில் அடிக்கடி நடக்கும் தலை அடியையே எடுத்துக்கொள்வோம். காலை 11 மணிக்கு ஒரு பையன் சறுக்குமரத்திலிருந்து விழுகிறான். புடைத்த இடத்தை ஆயா அழுத்தித் தேய்த்துவிடுகிறார் (தேய்க்கவே கூடாது, உள்ளே ரத்தக்கசிவு கூடும், துணியில் சுற்றிய ஜெல் பேக்கை 10 நிமிடம் வைக்க வேண்டும்). அழுகை நிற்கிறது, எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மிஸ் ஆயாவிடம் சொல்கிறார், ஆயா வேன் டிரைவரிடம் சொல்கிறார், டிரைவர் தெருமுனையில் நிற்கும் பாட்டியிடம் "லேசா விழுந்துட்டானாம்" என்கிறார். அம்மா ஏழு மணிக்கு வீடு வரும்போது அந்தச் செய்தியே இல்லை. இரவு எட்டு மணிக்குக் குழந்தை வாந்தி எடுக்கிறான். மதியம் சாப்பிட்டது சேரவில்லை என்று நினைத்துத் தூங்க வைக்கிறார்கள். தலையில் அடிபட்டது தெரிந்திருந்தால் அந்த வாந்தியின் அர்த்தமே வேறு. தலையில் அடிபட்ட குழந்தையை 24 முதல் 48 மணி நேரம் கவனிக்க வேண்டும். அதில் பள்ளி பார்ப்பது முதல் நாலைந்து மணி நேரம் மட்டுமே.

பள்ளிகளில் வழக்கமாக டைரியில் எழுதுவது: "விளையாடும்போது கீழே விழுந்துவிட்டான். முதலுதவி செய்யப்பட்டது." இதை வைத்து ஒரு டாக்டரால் எதுவும் செய்ய முடியாது. சீட்டு இப்படி இருக்க வேண்டும்:

"11.10. சறுக்குமரத்தின் மூன்றாம் படியிலிருந்து பக்கவாட்டில் விழுந்தான். உயரம் சுமார் 2 அடி, கீழே மணல். வலப்பக்க நெற்றியில் 2 செ.மீ. புடைப்பு, ரத்தம் இல்லை. உடனே அழுதான். மயக்கம், வாந்தி இல்லை. ஜெல் பேக் 10 நிமிடம். 11.25க்கு அம்மாவிடம் போனில் சொன்னோம். 12.15க்கு வழக்கம்போலச் சாப்பிட்டான். 1 மணிக்குத் தூங்கினான். 1.30க்கும் 2 மணிக்கும் எழுப்பிப் பார்த்தோம், கண் திறந்து பேசினான்."

ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தை 3 அடிக்கு மேலிருந்தும், அதைவிடப் பெரிய குழந்தை 5 அடிக்கு மேலிருந்தும் விழுந்தால் டாக்டர்கள் அதைக் கடுமையான அடி என்ற கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் உயரத்தை எழுத வேண்டும். உடனே அழுதான் என்றால் நினைவு தப்பவில்லை என்று அர்த்தம். மதியத் தூக்கம் ஆபத்தல்ல. ஆனால் மயக்கமும் தூக்கமும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் என்பதால் எழுப்பிப் பார்த்த நேரத்தையும் எழுத வேண்டும்.

சீட்டின் பின்பக்கம் வீட்டில் கவனிக்க வேண்டியவற்றை அச்சிடுங்கள்: ஒரு தடவைக்கு மேல் வாந்தி, எழுப்பினால் எழாமை, வலிப்பு, நடை தள்ளாடுதல், இரண்டு கண்மணியும் வேறு வேறு அளவில் இருத்தல், காதிலோ மூக்கிலோ தெளிவான நீர் அல்லது ரத்தம், கூடிக்கொண்டே போகும் தலைவலி. இதில் ஒன்று இருந்தாலும் இரவு எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரி.

சீட்டுப் புத்தகத்தை எங்கும் தேட வேண்டாம். கடை பில் புக் அடிக்கும் அச்சகத்தில் 50 சீட்டு, இரண்டு பிரதி, வரிசை எண் போட்டு அடித்துக் கொடுப்பார்கள். மேல் தாள் வீட்டுக்கு, கார்பன் பிரதி பள்ளியில். வரிசை எண் கட்டாயம். யாரும் ஒரு தாளைச் சத்தமில்லாமல் கிழித்துவிட முடியாது. குழந்தை உருவத்தின் முன்பக்கம், பின்பக்கம் கோட்டுப்படமாக இருந்தால் அடிபட்ட இடத்தை வட்டமிட்டுவிடலாம். இங்கிலாந்தில் மழலையர் காப்பகங்களுக்கான விதியில், குழந்தைக்கு அடிபட்டால் எழுத்தில் பதிய வேண்டும், செய்த முதலுதவியோடு அன்றைக்கே, முடியாவிட்டால் அதற்கடுத்து இயன்ற விரைவில் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. அங்கே பணியில் இருப்பவர்களில் ஒருவருக்காவது 12 மணி நேரக் குழந்தை முதலுதவிப் பயிற்சியும், 3 வருடத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பிப்பதும் வேண்டும். நம் பள்ளி ஒன்று இதைத் தானாகச் செய்ய யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

பெற்றோருக்குச் செய்தி அனுப்ப இப்போது சில பள்ளிகள் செல்போன் ஆப் வைத்திருக்கின்றன. சிராய்ப்பு, எறும்புக் கடி அளவுக்குச் சரி. தலை, கண், பல், தீக்காயம், தோல் கிழிந்த கடி, வலிப்பு, எதையாவது விழுங்கியது, கையையோ காலையோ அசைக்க மறுப்பது, இவற்றுக்கெல்லாம் போன்தான். ஆப் செய்தி பெரும்பாலும் அட்மிஷன் படிவத்தில் உள்ள அப்பாவின் எண்ணுக்குப் போகும், அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் காயத்தின் போட்டோவைப் போடுவது பெரிய தவறு. பார்க்கத் தேவையில்லாத நாற்பது வீட்டார் பார்த்துவிடுவார்கள்.

போனில் பேசும் முறையிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். "மேடம், கொஞ்சம் ஸ்கூலுக்கு வர முடியுமா?" என்று மட்டும் சொல்லி வைத்தால் அந்தத் தாய் எப்படி ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு வருவார் என்று யோசியுங்கள். குழந்தை இப்போது எப்படி இருக்கிறது என்பதே முதல் வாக்கியமாக இருக்க வேண்டும்: "மேடம், ஸ்கூல்லேருந்து பேசுறேன். பாப்பா முழிச்சிருக்கா, என் மடியிலதான் இருக்கா, பேசுறா. பத்து நிமிஷம் முன்னாடி பெஞ்சு முனையில மோதி புருவத்துல காயம். ரத்தம் நின்னுடுச்சு, தையல் போட வேண்டி வரலாம். எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டும்?" மயக்கம், மூச்சுத்திணறல், 5 நிமிடத்துக்கு மேல் வலிப்பு என்றால் முதலில் 108, அதற்குப் பிறகுதான் பெற்றோர். வலிப்புக்குச் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து மணி பாருங்கள்.

பள்ளியே காரணமாக இருக்கும் காயங்களில்தான் சீட்டு பொய்யாகிறது. ஒன்று முதல் நாலு வயதுக்குள் அடிக்கடி வருவது முழங்கை நழுவுதல். அடம்பிடிக்கும் குழந்தையை ஒரு கையைப் பிடித்துத் தூக்கினால் போதும். வீக்கம் இருக்காது, கை தொங்கும், தொட்டால் அழும். "கையைப் பிடித்துத் தூக்கியபோது" என்று உண்மையை எழுதினால் டாக்டர் பல சமயம் எக்ஸ்ரேகூட இல்லாமல் நொடியில் சரிசெய்துவிடுவார். "விழுந்துவிட்டாள்" என்று எழுதினால் எலும்பு முறிவைத் தேடி அலைய வேண்டும். வீட்டாரோ சுளுக்கு எடுப்பவரிடம் போய் எண்ணெய் தடவி இழுத்துக்கொண்டிருப்பார்கள். எழுதிய ஆயாவைத் திட்டாத பள்ளியில்தான் உண்மையான சீட்டு வரும்.

ஒரு குழந்தை இன்னொன்றைக் கடித்தால் இரண்டு வீட்டுக்கும் சொல்ல வேண்டும். கடித்தது யார் என்ற பெயர் மட்டும் கடிபட்ட வீட்டுக்கு வேண்டாம். நாய், பூனையின் பல்லோ நகமோ பட்டால் போன் செய்வதற்கு முன்பே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், அன்றைக்கே முதல் ஊசி. சில்லுமூக்கு உடைந்தால் தலையை அண்ணாத்தக் கூடாது, முன்பக்கம் குனிய வைத்து மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும்.

டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி பற்றியும் சீட்டில் ஒரு வரி இருக்கட்டும். ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் பூஸ்டர் போட்ட குழந்தைக்குச் சின்னச் சுத்தமான காயத்துக்கெல்லாம் ஊசி தேவைப்படாது. தடுப்பூசி அட்டை வீட்டில்தான் இருக்கிறது, அதனால் அதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது டாக்டரும் பெற்றோரும்.

அச்சகத்தில் கொடுக்கும்போது சீட்டின் அடியில் நாலு வரி வெற்றிடம் விடச் சொல்லுங்கள், மேலே "இரவு வீட்டில் எப்படி இருந்தான்?" என்று தலைப்புப் போட்டு. மறுநாள் காலை வாசலில் குழந்தையை வாங்கும்போது மிஸ் கேட்டு, பள்ளிப் பிரதியில் எழுதி, கொண்டுவிட வந்தவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பாட்டியானாலும் சரி, வேன் டிரைவரானாலும் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டாவது அந்த நாலு வரி நிரம்ப வேண்டும்.