டோ பாரில் 1500 கிலோ என்று எழுதியிருப்பதை நம்பி கார் வாங்காதீர்கள்

மெல்பர்னில் சின்னப் படகு ஒன்றை வைத்துக்கொண்டு, அதை இழுக்க அதிகச் செலவில்லாத பழைய கார் தேடுபவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். அக்டோபர் பிறந்தால் ஸ்னாப்பர் மீன் சீசன். அதற்குள் வண்டி கைக்கு வந்துவிட வேண்டும் என்ற அவசரம் நமக்கு இருக்கும். அந்த அவசரம் பழைய கார் விற்கும் யார்டுகளுக்கும் நன்றாகத் தெரியும்.

என்னுடையது 4.2 மீட்டர் அலுமினியப் படகு, 40 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார், பிரேக் இல்லாத ட்ரெய்லர். வாரநாளில் வேலைக்குப் போய்வர வேண்டும், சனிக்கிழமை படகைத் தண்ணீரில் இறக்க வெரிபி சவுத்துக்கோ பேட்டர்சன் ரிவருக்கோ இழுத்துப் போக வேண்டும், இரண்டுக்கும் ஒரே கார். பெட்ரோலும் அதிகம் குடிக்கக் கூடாது. தென்கிழக்குப் புறநகர் ஒன்றில் இருக்கும் யார்டில் பழைய டொயோட்டா ராவ்4 ஹைப்ரிட் விற்பனைக்கு இருந்தது. ட்ரெய்லரை மாட்ட காரின் பின்னால் பொருத்தும் இரும்புக் கம்பியான டோ பார் ஏற்கெனவே மாட்டப்பட்டிருந்தது.

போய்ப் பார்ப்பதற்கு முன்பே மெசேஜில் கேட்டேன்: "படகு, மோட்டார், ட்ரெய்லர், பெட்ரோல் எல்லாம் சேர்த்து வெயிட்பிரிட்ஜில் (வண்டி எடைமேடையில்) 640 கிலோ. இந்த வண்டி இழுக்குமா?" பதில் உடனே வந்தது: "1500 கிலோ வரை தாராளமாக இழுக்கும்." நேரில் போனபோது விற்பனையாளர் நம்மூர்க்காரர், தமிழிலேயே பேசினார். "அண்ணா, 640 எல்லாம் இதுக்கு ஒரு எடையா? இங்க பாருங்க" என்று குனிந்து டோ பாரில் இருந்த தகட்டைக் காட்டினார். 1500 என்று தெளிவாக அச்சடித்திருந்தது.

அந்தத் தகடு பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொல்வது இரும்புக் கம்பியின் பலத்தை மட்டும்தான். ஒரு கயிறு ஒரு டன் தாங்கும் என்பதற்காக அதைப் பிடித்து இழுப்பவரும் ஒரு டன் இழுத்துவிட முடியாது. கார் தயாரிப்பாளர் சொல்லும் வரம்பு, டோ பாரின் வரம்பு, அதன் முனையில் இருக்கும் உருண்டையான டோ பாலின் வரம்பு, அதன் மேல் மாட்டும் ட்ரெய்லரின் கப்ளிங்கின் வரம்பு என்று நான்கு எண்கள் இருக்கின்றன. அந்த நான்கில் எது மிகக் குறைவோ, அதுதான் நீங்கள் இழுக்கக்கூடிய எடை. எனக்கு அவர் காட்டியது ஒன்றே ஒன்று.

கார் தயாரிப்பாளரின் எண் என்ன தெரியுமா? 2019-இல் ஆஸ்திரேலியாவில் வந்த அந்தத் தலைமுறை ராவ்4-இல் பல வகை உண்டு. அவற்றில் மூன்றைப் பாருங்கள். 2.0 லிட்டர் பெட்ரோல் முன்சக்கர வண்டி 800 கிலோ இழுக்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் ஹைப்ரிட் 1500 கிலோ. முன்சக்கரம் மட்டும் இழுக்கும் ஹைப்ரிட் வெறும் 480 கிலோ. ட்ரெய்லரில் பிரேக் இருந்தாலும் அதே 480தான். எனக்கு விற்றது இந்த மூன்றாவது வகை. வெளித்தோற்றத்தில் இரண்டு ஹைப்ரிட்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பெட்ரோல் செலவும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: நிறுவனம் சொல்லும் கணக்கில் 100 கிலோமீட்டருக்கு 4.7 லிட்டர், 4.8 லிட்டர். ஓட்டிப் பார்த்தாலும் தெரியாது. அடையாளம் மாடல் எண்ணில் இருக்கிறது: ஏ.எக்ஸ்.ஏ.எச். 52 என்றால் முன்சக்கரம், 54 என்றால் நான்கு சக்கரம். யார்டு நடத்துபவர்களுக்கு இது தெரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விக்டோரியாவில் லைசென்ஸ் உள்ள டீலரிடம் பழைய கார் வாங்கினால், கையெழுத்துப் போட்டபின் மூன்று முழு வேலைநாட்களுக்குள் மனம் மாறி ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். 100 டாலர் அல்லது விலையில் 1 சதவீதம், இதில் எது அதிகமோ அதை அவர்கள் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த நாட்களுக்குள் வண்டியை வாங்கி ஓட்டிக்கொண்டு போய்விட்டால் அந்த உரிமை போய்விடும். "இன்னைக்கே எடுத்துட்டுப் போங்கண்ணா, ஞாயித்துக்கிழமை மீன் பிடிக்கப் போகலாம்" என்று அவர் அவ்வளவு அக்கறையாகச் சொன்னதன் பொருள் எனக்கு அப்புறம்தான் விளங்கியது. யாராவது இப்படி அவசரப்படுத்தினால், வண்டி அந்த மூன்று நாளும் யார்டிலேயே நிற்கட்டும். அதற்குள் நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

உண்மை வெளிவந்தது வெரிபி சவுத்தில், படகை இறக்கி ஏற்றும் சரிவான ராம்ப்பில். தண்ணீர் வற்றியிருந்த நேரம் என்பதால் காரை வழக்கத்தைவிடக் கீழே இறக்க வேண்டியிருந்தது. படகை ஏற்றிவிட்டு மேலே இழுத்தால் முன்சக்கரங்கள் பாசியில் சுற்றுகின்றன, கார் நகரவில்லை. சரிவில் நிற்கும்போது எடை எல்லாம் பின்பக்கம் போகும். டோ பாலை அழுத்தும் பாரம் காரின் மூக்கை இன்னும் கொஞ்சம் தூக்கிவிடும். இழுக்க வேண்டிய முன்சக்கரங்களுக்கோ பிடிப்பே இருக்காது. சறுக்கிக்கொண்டு கீழே போய்விடுமோ என்ற பயத்தில் மனைவியையும் பையனையும் காரிலிருந்து இறங்கச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த ஒருவர் தன் யூட்டில் (பின்னால் திறந்த சரக்குத் தட்டு உள்ள பிக்கப் வண்டி) கயிறு கட்டி எங்களை மேலே இழுத்துவிட்டார். அவர்தான் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கையேட்டில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று பார்" என்றார். வண்டியோடு கையேடு தரப்படவில்லை. டொயோட்டாவின் ஆஸ்திரேலியத் தளத்தில் இறக்கிப் பார்த்தேன். 480.

காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்டேன். தயாரிப்பாளரின் வரம்பை மீறி இழுத்து விபத்து நடந்தால் இழப்பீட்டை மறுக்கலாம் என்று எழுத்திலேயே பதில் வந்தது. அதாவது யார்டு சொன்னதை நம்பி எம்1 நெடுஞ்சாலையில் நான் குடும்பத்தோடு போய்வந்த அத்தனை தடவையும், ஏதாவது ஆகியிருந்தால் எங்களுக்குப் பாதுகாப்பு இருந்திருக்குமா என்பதே சந்தேகம். எனக்கு அதிகக் கோபம் வந்தது பணத்தை நினைத்து அல்ல, இதை நினைத்துத்தான்.

யார்டுக்குப் போனபோது முதலில் "நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை" என்றார்கள். மெசேஜைக் காட்டினேன். "டோ பாரைப் பற்றித்தான் சொன்னோம்" என்றார்கள். அப்புறம் பின் ஸ்பிரிங்கை மாற்றித் தருகிறோம் என்றார்கள். ஸ்பிரிங்கை மாற்றினால் காரின் பின்பக்கம் தாழாமல் இருக்கும், இழுக்கும் வரம்பு ஒரு கிலோகூட ஏறாது. கடைசியில் இதே காருக்கு பிரிட்டனில் 800 கிலோ என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். அது உண்மைதான், அங்கே அந்த முன்சக்கர ஹைப்ரிட்டுக்கு 800. ஆனால் நாட்டுக்கு நாடு இந்த எண் மாறும், இங்கே செல்லுபடியாவது ஆஸ்திரேலியாவுக்குத் தந்த எண் மட்டும்தான். அமெரிக்க, பிரிட்டிஷ் வீடியோக்களைப் பார்த்துக் கார் தேர்வு செய்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் இந்த விஷயத்தில் நம் பக்கம் இருக்கிறது. எதற்காக வாங்குகிறோம் என்று விற்பவரிடம் சொல்லி, அவர் பேச்சை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குப் பொருந்த வேண்டும். அது 55-ஆம் பிரிவு. தவறான எண்ணம் வரும்படி நடந்துகொள்வதைத் தடுப்பது 18-ஆம் பிரிவு. நான் 640 கிலோ என்று எழுதியதும் அவர்கள் 1500 என்று எழுதியதும் ஒரே திரையில் இருந்தன. மாநில அரசின் நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியாவில் வழி கேட்டு, இப்படிப்பட்ட வழக்குகளை விசாரிக்கும் வீகேட் (VCAT) தீர்ப்பாயத்தில் மனுப் போட்டேன். விசாரணைக்கு முன்பே யார்டு இறங்கி வந்தது. ஓட்டிய கிலோமீட்டருக்கு என்று ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு காரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். முத்திரை வரியும் பெயர்மாற்றக் கட்டணமும் திரும்ப வரவில்லை. அந்த ஸ்னாப்பர் சீசனும் போய்விட்டது. தனியாரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் 55-ஆம் பிரிவு எனக்கு உதவியிருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது வாங்கப் போகிறவர்களுக்கு. முதலில் உங்கள் படகின் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள். விளம்பரத்தில் போடும் எடை பெரும்பாலும் வெறும் கூட்டின் எடை. 40 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரே கிட்டத்தட்ட 100 கிலோ. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ. பேட்டரி, நங்கூரம், சங்கிலி, ஐஸ் நிரப்பிய எஸ்கி (குளிர்பெட்டி) எல்லாம் சேர்த்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். எல்லாவற்றையும் ஏற்றி வெயிட்பிரிட்ஜில் போட்டுப் பாருங்கள். இங்கே ட்ரெய்லர் சக்கரங்கள் மேல் நிற்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் ட்ரெய்லருக்கு பிரேக் கட்டாயம். பல கார்களுக்கு பிரேக் இல்லாத ட்ரெய்லரின் வரம்பும் அதே 750தான்.

என்னுடையது போன்ற சின்னப் படகுக்குப் பெரிய யூட் தேவையே இல்லை. நான் இப்போது வைத்திருப்பது 2016 சுபாரு ஃபாரஸ்டர் 2.5 பெட்ரோல். பிரேக் உள்ள ட்ரெய்லர் 1500, பிரேக் இல்லாதது 750. நான்கு சக்கரமும் இழுப்பதால் ராம்ப்பில் பயம் இல்லை. ஆனால் பிறகு வந்த ஃபாரஸ்டர் ஹைப்ரிட்டுக்கு 1200தான், பெயரை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கொஞ்சம் பெரிய படகு என்றால் 2013-க்குப் பின் வந்த மிட்சுபிஷி அவுட்லேண்டர் 2.4 பெட்ரோல் 1600, டீசல் 2000. விலை இன்னும் குறைவாக வேண்டும் என்றால் 2016-இல் உற்பத்தி நின்றுபோன ஃபோர்டு டெரிட்டரி இருக்கிறது. டீசல் 2700 வரை இழுக்கும், ஆனால் அதற்குரிய கனரக டோயிங் பேக் இருந்தால்தான். அது இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

யூட்தான் வேண்டும் என்பவர்களுக்கு 3500 கிலோ என்ற எண்ணைக் காட்டுவார்கள். பழைய ஃபோர்டு ரேஞ்சர் 4x4 பலவற்றில் ஆளும் சாமானும் ஏற்றிய வண்டியின் எடை வரம்பு 3200, வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த எடைக்கு வரம்பு 6000. முழுக்க ஏற்றிவிட்டால் மிச்சம் 2800தான், 3500 இல்லை. சின்னப் படகுக்கு அது போதும், ஆனால் அந்த 3500-க்காக அதிக விலை கொடுக்காதீர்கள்.

யார்டுக்குப் போகும்முன் இந்த ஒரு கேள்வியை மெசேஜில் அனுப்புங்கள்: "இந்த மாடல் எண்ணுக்கு, ஆஸ்திரேலியக் கையேட்டின்படி, பிரேக் உள்ளதற்கும் இல்லாததற்கும் வரம்பு என்ன?" பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பதிலுக்கு டோ பாரின் படத்தை அனுப்பினால் அந்த யார்டுக்குப் போகாதீர்கள். பார்த்து வைத்திருக்கும் காரின் மாடல் எண்ணும் படகின் எடையும் எனக்கு எழுதினால் கையேட்டைத் தேடிப் பார்த்துச் சொல்கிறேன். வீகேட் மனு எழுதத் தெரியாமல் யாராவது இருந்தால், நான் எழுதியதை மாதிரிக்குத் தருகிறேன்.