மங்குக்கு பீல், தாடை முடிக்கு லேசர்: ரெண்டரை வருஷமா பட்டது

ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் ரெண்டு கன்னத்துலயும் மங்கு, அதாவது பழுப்புத் திட்டு, தாடையில நாலஞ்சு தடிச்ச முடி வேற. பெங்களூர் அல்சூர்ல வீடு, வைட்ஃபீல்டுல ஆபீஸ், தினமும் ஸ்கூட்டி. இதுவரைக்கும் கிளைகாலிக் பீல் (ஆசிடைத் தடவி மேல்தோலை உரிய வைக்கறது) 6 சிட்டிங், லேசர் 7 சிட்டிங் ஆச்சு. மங்கு முழுசா போகலீங்க, முக்கால்வாசி வெளுத்திருக்கு.

மொதல்ல போன கிளினிக் பேரு வேணாம். ராத்திரி ட்ரெட்டினாயின்னு தோலை லேசா உரிய வைக்கற க்ரீம் போட்டுட்டு இருந்தேன், மூணு நாள் முன்னாடிதான் ஒரு கல்யாணத்துக்காக பிளீச் வேற பண்ணிருந்தேன், அவங்களும் கேக்கல நானும் சொல்லல, ஆசிடை தடவுனதும் எரிச்சல்னா அப்படி ஒரு எரிச்சல், ஒரு பொண்ணு குட்டி ஃபேனை மூஞ்சிக்கு நேரா புடிச்சுட்டு "அப்படித்தான் இருக்கும் மேடம்"ங்குது. நாலாம் நாள் தோல் உரிய ஆரம்பிச்சுது. வாயோரம் ஒரு துண்டு தொங்கிட்டே இருந்துச்சு, மீட்டிங்குக்கு முன்னாடி ஆபீஸ் பாத்ரூம்ல நகத்தால புடிச்சு இழுத்துட்டேன். கீழ ஈரமா, செவப்பா, அரை ரூபா அளவு. பத்தே நாள்ல கறுத்துப்போச்சு, அது மறைய நாலரை மாசம். அம்மா பாத்துட்டு "ஏன்டி பாம்பு சட்டை உரிச்ச மாதிரி இருக்க, கஸ்தூரி மஞ்சள் போடு"ன்னாங்க. நல்லவேளை போடல.

நம்ம மாநிறத்துக்கு இதுதான் தொல்லை, லேசா சூடோ காயமோ பட்டாலே மெலனின் கூட சுரந்து கருந்தடம் விட்டுடும். அடுத்து ஜெயநகர்ல பாத்த டாக்டரம்மா ஒன்றரை மாசம் பீலே பண்ணல, வெறும் மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மட்டும். உதட்டோரம் கொப்புளம் வருமா, பருவுக்கு மாத்திரை எடுத்தீங்களான்னு அரை மணி நேரம் கேள்வி. பீலுக்கு ஒரு வாரம் முன்னாடி ட்ரெட்டினாயின் நிப்பாட்டச் சொன்னாங்க, காதுக்குப் பின்னாடி டெஸ்ட் பண்ணிட்டுதான் முகத்துக்கே வந்தாங்க.

லேசருக்கு வேற கணக்கு. த்ரெடிங், வேக்ஸிங் நாலு வாரம் கூடாது, வேர்ல இருக்கற கருப்பைத்தான் லேசர் புடிக்கும், வேரையே புடுங்கிட்டா அது எதைப் புடிக்கும்? முந்தின நாள் ரேசர் மட்டும். எனக்குப் பண்ணது 1064 நானோமீட்டர் அலைநீளத்துல வர்ற என்டி யாக்ங்கற லேசர் வகை, கருப்புத் தோலை அவ்வளவா சுடாது. நரைச்ச முடி மட்டும் அப்படியே இருக்கு, அதுக்கு எந்த லேசரும் உதவாது.

ஆனா உண்மையான வேலை வீட்லதான். பெங்களூர் 900 மீட்டர் உயரத்துல இருக்கு, காத்து ஜில்லுன்னு இருக்கறதால வெயிலே இல்லங்கற நெனப்பு, புற ஊதாக்கதிர் பாட்டுக்கு அடிச்சுட்டுதான் இருக்கும். பீல் பண்ண வாரம் ஹெல்மெட் பட்டை தாடையில உரசி உரசி அங்கயே தோல் கிழியும். அதனால அந்த வாரம் மெட்ரோதான். 2023 அக்டோபர்ல பர்ப்பிள் லைன் வைட்ஃபீல்ட் வரைக்கும் ஓட ஆரம்பிச்சது என்னமோ எனக்காகவே விட்ட மாதிரி. ஃபேஸ்வாஷ் சாதாரணமா ஒண்ணு, உரியற எடத்துல வாஸ்லின், ஆவி புடிக்கறது ஸ்க்ரப் ரெண்டும் கிடையாது. சன்ஸ்கிரீன் ரெண்டு விரல் நீளம், கலர் கலந்த டின்டட் வகை, அதுல இருக்கற அயர்ன் ஆக்ஸைடு சாதாரண வெளிச்சத்தையும் தடுக்கும், மங்குக்கு அது முக்கியம்.

போன மே மாசம் சேலம் போறப்ப முன் சீட்டுல இடது ஜன்னலோரம் உக்காந்தேன். கண்ணாடி ஏத்தித்தானே இருக்கு, ஏசியும் ஓடுதுன்னு காலைல போட்ட சன்ஸ்கிரீனோட விட்டுட்டேன். புற ஊதாக்கதிர்ல யுவிஏங்கற வகை கண்ணாடிக்குள்ள வரும்னு தெரிஞ்சும்தான். திரும்பி வந்த வாரத்துல இடது கன்னம் மட்டும் திரும்ப லேசா கறுத்துருச்சு. டாக்டரம்மா போட்டோவை பக்கத்துல வச்சுப் பாத்துட்டு ஏழாவது பீலை டிசம்பருக்குத் தள்ளிட்டாங்க.