23 வருட ஸ்பிளெண்டரும் 4 வருட ஸ்கூட்டரும்

எங்கள் வீட்டில் இரண்டு வண்டி. ஒன்று, அப்பா 2002-ல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். ரோட்டுக்கு வரும்போது 42 ஆயிரத்துச் சொச்சம் ஆனது. இன்னொன்று, 2021-ல் மனைவி வேலைக்குப் போய்வர வாங்கிய பிஎஸ்6 (2020-ல் வந்த புகை விதி) ஸ்கூட்டர். எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் தெளிக்கிற முறை), எல்இடி லைட், டிஜிட்டல் மீட்டர் எல்லாம் அதில் உண்டு. ஸ்கூட்டர் எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. ஒரு கம்பெனியின் குறை என்றால் வேறு கம்பெனி வண்டி வாங்கிவிட்டுப் போகலாம். இப்போது வருகிற பெரும்பாலான வண்டிகளின் நிலைமையே இதுதான் என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பூச்சிமருந்து, உரம் விற்கிற வேலையில் இருக்கிறேன். தேனி மாவட்டத்தில் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், போடி என்று தோட்டந்தோட்டமாகச் சுற்ற வேண்டும். அப்பா பத்து வருடம் ஓட்டிக் கொடுத்த ஸ்பிளெண்டரை நான் அதற்கு மேல் ஓட்டிவிட்டேன். மீட்டர் 99,999-ஐத் தாண்டி மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பித்து அதுவே பல வருடம் ஆகிறது.

பழைய வண்டி ஏன் இவ்வளவு நாள் தாங்குகிறது என்று கேட்டால் டீக்கடையில் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள், "அப்ப எல்லாம் இரும்பு, இப்ப எல்லாம் பிளாஸ்டிக்" என்று. நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்பிளெண்டரும் ஒன்றும் கோட்டைச் சுவர் இல்லை. சைடு பேனல் அன்றைக்கும் பிளாஸ்டிக்தான், மட்கார்டு தகரம் துருப்பிடிக்கும், சைலன்சர் அடியில் ஓட்டை விழும். தேயாத வண்டி என்று எதுவும் கிடையாது. தேய்ந்ததை அன்றைக்கே வாங்கி மாட்ட முடிகிறதா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இதில் ஸ்பிளெண்டருக்கு இருக்கிற பலம் என்னவென்று தெரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஹீரோ ஹோண்டா 1985-ல் சிடி100 கொண்டுவந்தபோது வைத்ததும் 97.2 சிசி இன்ஜின்தான், 1994-ல் ஸ்பிளெண்டரில் வந்ததும் அதே குடும்பம்தான். அப்புறம் பேஷன், சிடி டான், ஹெச்எஃப் டீலக்ஸ் என்று பெயர் மாறி மாறி வந்தாலும் உள்ளே 50 மில்லிமீட்டர் போர் (பிஸ்டன் ஓடுகிற குழலின் அகலம்) உள்ள அதே சின்ன இன்ஜின். 2010 கடைசியில் ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்த பிறகும் அது போகவில்லை. ஒரே இன்ஜின் இத்தனை வருடம், இத்தனை வண்டியில், ஊர் ஊராக ஓடினால் என்ன ஆகும்? பிஸ்டன் செய்கிறவன், ரிங் செய்கிறவன், கிளட்ச் பிளேட் செய்கிறவன் எல்லோருக்கும் அதில் பிழைப்பு இருக்கும். உத்தமபாளையத்தில் நான் போகிற ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வண்டிப் பெயரைக் கூடச் சொல்ல வேண்டாம், "ஒரு கேபிள்" என்று சொன்னாலே கை தானாக ஸ்பிளெண்டர் கேபிள் தொங்குகிற ஆணிக்குப் போகும்.

இன்ஜினும் அப்படி ஒன்றும் விரட்டி வேலை வாங்கப்பட்டது இல்லை. 97 சிசிக்கு ஏழரை குதிரைத் திறன், நாலு கியர், அவ்வளவுதான். காகித ஆயில் ஃபில்டரே அதில் கிடையாது. அடியில் ஒரு கம்பி வலை, அப்புறம் சுற்றுகிற வேகத்தில் அழுக்கை ஓரமாக ஒதுக்கிவைக்கிற ஒரு கிண்ணம். பிரிக்கும்போது அந்தக் கிண்ணத்தைத் துடைத்து வலையைப் பெட்ரோலில் கழுவி மாட்டினால் வேலை முடிந்தது. ஆனால் ஒன்று, ஆயிலை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. 900 மில்லி டப்பா வாங்கி நேரத்துக்கு மாற்றுகிறவன் வண்டியும், "இன்னொரு ஆயிரம் ஓடட்டும்" என்கிறவன் வண்டியும் ஒரே வருடம் வாங்கியதாக இருந்தாலும் இரண்டுக்கும் பத்து வயது வித்தியாசம் தெரியும்.

2017-ல் சைலன்சரில் நீலப்புகை வர ஆரம்பித்தது. ஆயில் லெவலும் குறைந்துகொண்டே வந்தது. நாங்கள் பல வருடமாகப் போகிற மெக்கானிக் அண்ணன் தரையில் பழைய பேப்பரை விரித்து இன்ஜினைப் பிரித்தார், ஒவ்வொரு நட்டையும் கழற்றிய வரிசையிலேயே பேப்பரில் வைத்துக்கொண்டு வந்தார். பிஸ்டன் ஓடுகிற குழல் இருக்கும் பிளாக்கைத் துடைத்துவிட்டு உள்பக்கம் நகத்தால் வழித்துப் பார்க்கச் சொன்னார். மேலே, பிஸ்டன் ஏறித் திரும்புகிற இடத்தில், நகம் ஒரு விளிம்பில் தட்டி நின்றது. அதுவரைக்கும் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். "ரிங் மட்டும் போட்டா ஆறு மாசம் ஓடும் தம்பி, போர் பண்ணிட்டா பத்து வருசம். எது வேணும்?" என்றார். சின்னமனூரில் ஒரு லேத்தில் கொடுத்து போர் செய்து, அதாவது உள்பக்கத்தைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். வால்வு சீல், டைமிங் செயின், கேஸ்கெட் செட் எல்லாம் சேர்த்துப் பார்ட்ஸ் முழுக்க ஒரே கடையில் கிடைத்தது. காலையில் பிரித்த வண்டி மறுநாள் மதியம் கையில் வந்தது. கூலியோடு 3,400 ரூபாய். "500 கிலோமீட்டர் வரைக்கும் 40-ஐத் தாண்டாதீங்க" என்றார், நானும் தாண்டவில்லை. எட்டு வருடம் ஆகிறது, இன்னும் புகை இல்லை. இதையும் தேய்த்துவிட்டால் 0.75, 1.00 என்று அடுத்த சைஸ் பிஸ்டனும் கடையில் இருக்கிறது.

இப்போது ஸ்கூட்டருக்கு வருகிறேன். மூன்று வருடம் எந்தக் குறையும் இல்லாமல்தான் ஓடியது, அதைச் சொல்லிவிட வேண்டும். போன வருடம் ஒரு நாள் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. அப்புறம் ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி அணைந்துபோனது. பஸ் ஸ்டாண்ட் முன்னால், பின்னால் லாரி நிற்கும்போது இப்படி அணைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நம்ம அண்ணனிடமே கொண்டுபோனேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல நான் கை வைக்க மாட்டேன் தம்பி, ஸ்கேனர் போட்டுப் பார்க்கணும், குத்துமதிப்பா எதையாவது கழற்றி உங்க காசை வீணாக்க முடியாது" என்றார். பிளாக்கை நகத்தால் தடவியே வயசு சொல்கிற மனுஷன் அவர். அவரை அப்படிக் கையைக் கட்டி நிற்க வைத்துவிட்டதே என்று எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டினார்கள், பத்து நிமிடத்தில் கோளாறு தெரிந்துவிட்டது. த்ராட்டில் பொசிஷன் சென்சார், ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது. கைவிரல் அளவு சாமான். ஆனால் அது தனியாக வராதாம், த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குக் காற்றை அளந்து விடுகிற பாகம்) முழுசாகத்தான் மாற்ற வேண்டுமாம். சரி மாற்றுங்கள் என்றால் ஸ்டாக் இல்லை. பாதிப் பணம் முன்கூட்டியே கட்டி ஆர்டர் போட்டு, 23 நாள் காத்திருந்தோம். அங்கே இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான், அவன் கையிலும் ஒன்றும் இல்லை. பார்ட் வந்து மாட்டி முடித்தபோது 6,400 ரூபாய். என் ஸ்பிளெண்டருக்கு இன்ஜின் வேலையே கிட்டத்தட்ட அதில் பாதிதான் ஆனது. அந்த 23 நாளும் மனைவியைக் காலையில் ஆபீசில் இறக்கிவிட்டு மாலையில் கூட்டிவந்தது 2002 வண்டி.

புது வண்டிக்குப் பார்ட்ஸ் வெளியே கிடைக்காததற்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்று உண்டு. 2017 ஏப்ரலில் பிஎஸ்4, 2020 ஏப்ரலில் பிஎஸ்6, 2023 ஏப்ரலில் அதன் இரண்டாம் கட்டம் என்று ஆறு வருடத்தில் மூன்று முறை புகை விதி மாறியது. ஒவ்வொரு முறையும் வண்டியின் வெளித்தோற்றம் அதேதான், ஆனால் உள்ளே வயரிங், சென்சார், ஈசியு (இன்ஜினின் கம்ப்யூட்டர்) எல்லாம் மாறிவிடும், பார்ட் நம்பரும் மாறிவிடும். மூன்று வருடத்தில் மாறப்போகிற சாமானுக்கு அச்சு செய்து காசைப் போட வெளிக் கம்பெனிக்காரனுக்கு என்ன பைத்தியமா? கடைக்காரரும் எந்த வருடத்து மாடலுக்கு எது என்று குழம்பி, வேகமாகப் போகிற பிரேக் ஷூ, பெல்ட், ஏர் ஃபில்டரோடு நிறுத்திக்கொள்கிறார். நாம் சுவாசிக்கிற காற்றுக்காக வந்த விதி, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் சென்சாரைத் தனியாக விற்கக் கூடாது என்று எந்தப் புகை விதியும் சொல்லவில்லையே. லைட்டும் இப்படித்தான். ஸ்பிளெண்டரில் 35 வாட் பல்பு போனால் பல்பு மட்டும் வாங்குகிறேன், கண்ணாடி உடைந்தால் கண்ணாடி மட்டும். எல்இடி ஹெட்லைட்டில் ஒரு மூலை உடைந்தாலும் முகப்பையே மாற்றச் சொல்கிறார்கள்.

இதற்காகப் பழையது எல்லாமே நல்லது என்று யாரும் ஏமாற வேண்டாம். ராஜ்தூத் 350 எவ்வளவு நல்ல வண்டி, ஆனால் அது தயாரிப்பில் இருந்ததே சில வருடம்தான், இன்றைக்கு அதற்குப் பார்ட்ஸ் தேடுகிறவர்கள் படுகிற பாடு பெரும்பாடு. மைசூரில் யெஸ்டி பைக் செய்த ஐடியல் ஜாவா கம்பெனி 1996-ல் மூடியதிலிருந்து அந்த வண்டிக்காரர்கள் ஆசைக்காகத்தான் அலைந்து தேடுகிறார்கள், தினசரி வேலைக்குப் போகிறவனுக்கு அது கட்டாது. என் வண்டிக்கே பழைய அச்சு சைடு பேனல் இங்கே எங்கும் கிடைக்காமல், சென்னைக்குப் போன வேலையோடு புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் வேறு கலரில் ஒன்று கிடைத்து, இங்கே வந்து பெயின்ட் அடித்தேன். டூப்ளிகேட் தொல்லையும் உண்டு. விலை குறைவென்று வாங்கிய ஒரு செயின் செட்டில் 6,000 கிலோமீட்டருக்குள் ஸ்ப்ராக்கெட் பல் ரம்பம் மாதிரிக் கூராகிவிட்டது. அன்றிலிருந்து செயின், பிரேக் ஷூ, கேபிள் மூன்றிலும் நான் காசு பார்ப்பதில்லை.

இன்னொரு விஷயத்தில் ஸ்கூட்டரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், அது பாதுகாப்பு. என் ஸ்பிளெண்டரில் ஹெட்லைட்டுக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து வராது, இன்ஜின் சுற்றுவதிலிருந்து நேராக வரும். போடிமெட்டிலிருந்து ராத்திரி இறங்கும்போது ஆக்சிலேட்டரை மூடினால் வெளிச்சம் மங்கிவிடும், எங்கே வெளிச்சம் வேண்டுமோ அந்த வளைவில்தான் மங்கும். ஒரு தடவை வளைவில் நின்ற மாட்டைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். இரண்டு பக்கமும் டிரம் பிரேக், தொடர்ந்து இறக்கத்தில் பிடித்தால் சூடேறிப் பிடிமானம் குறையும். ஸ்கூட்டரில் ஒரு லீவரைப் பிடித்தாலே இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கிறது, ட்யூப்லெஸ் டயர், மார்கழிக் குளிரில் சோக் இழுக்காமல் ஒரே பட்டனில் எடுக்கிறது. ராத்திரி மலையில் போக வேண்டும் என்றால் நான் எடுப்பது ஸ்கூட்டரைத்தான்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இப்போது ஒன்றைக் கவனியுங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் எங்கும் வருகிறது, நம் வண்டியின் ரப்பர் அதற்காகச் செய்தது இல்லை. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். டேங்கிலிருந்து கார்புரேட்டருக்கு வருகிற ட்யூப் விறைத்திருக்கிறதா, ஓரத்தில் கசிகிறதா என்று அடிக்கடி பாருங்கள். ட்யூபும் ஓ-ரிங்கும் சில்லறைக் காசுதான். வாரக்கணக்கில் டேங்கில் பெட்ரோலோடு வண்டியை நிறுத்திவைக்காதீர்கள்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் ஷோரூமுக்குப் போகுமுன் உங்கள் ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஒரு நடை போய், நீங்கள் நினைத்திருக்கிற மாடலுக்கு ஃப்யூயல் பம்ப், த்ராட்டில் பாடி, ஹெட்லைட் மூன்றும் கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். அப்புறம் ஒரு மெக்கானிக்கிடம் அந்த வண்டிக்கு ஸ்கேனர் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். நான் 2021-ல் மைலேஜும் கலரும் மட்டும்தான் கேட்டேன்.

ஸ்பிளெண்டருக்கு 15 வருடம் முடிந்து ஆர்சியை இரண்டு முறை புதுப்பித்தாகிவிட்டது, அடுத்தது 2027-ல். ஹேண்டில் நேராக வரும்போது லேசாகத் தட்டுகிறது, கோன் செட் (ஹேண்டில் திரும்புகிற இடத்துப் பேரிங்) போயிருக்கிறது என்றார் அண்ணன். நேற்று கடையில் கேட்டேன், இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிடுவோம்.