நல்லூர் வாசலில் சட்டை கழற்றாத பெடியன்

யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையோடு போக முடியாது. சின்ன வயதிலிருந்து பழகிய விசயம் என்பதால், லண்டனிலிருந்து வெளிக்கிடும்போது அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. கொடியேறி மூன்றாம் நாள் பின்னேரம், வெளிவீதி மணலில் நின்று சேர்ட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பினால், 14 வயது மகன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

"நான் வெளியில நிக்கிறன், அப்பா."

"இதில என்ன வெக்கம், எல்லாரும்தானே" என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். பூசை முடிந்து வந்தபோது கச்சான் கடைப் பக்கம் தனியே நின்றான். கையில் வெறும் சரை. வீடு வரும்வரை கதைக்கவில்லை.

வந்த நாளிலிருந்தே வீட்டுக்கு வருகிற எல்லோரும் முதலில் சொல்வது அவன் உடம்பைப் பற்றித்தான். "நல்லாக் கொழுத்திட்டான்", "லண்டன் சாப்பாடு பிடிச்சிருக்கு". அத்தான் ஒருபடி மேலே போய் வயிற்றில் தட்டிப் பார்ப்பார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. நானும் இருபது வருடத்துக்கு முன் இப்படித்தான் கதைத்திருப்பேன்.

ஒரு கிழமை கழித்து அம்மா தலையணை உறை மாற்றும்போது உள்ளே மூன்று பிஸ்கட் பைக்கற் உறைகள் இருந்தன. அம்மாவுக்கு அழுகை. பெடியனைப் பட்டினி போட்டுவிட்டோமோ என்று நினைத்துவிட்டா.

முதலில் போன இடம் காசுக்குக் கேடு. நிறை குறைப்பு நிலையம் என்று பலகை போட்ட ஓர் இடம். வாசலிலேயே தராசு, நிறையைச் சத்தமாக வாசித்தார்கள். பிறகு போட்டோகொப்பி எடுத்த உணவு அட்டவணை ஒன்று தந்தார்கள். ஓட்ஸ், கிரீன் டீ. புட்டும் சொதியும் சாப்பிடுகிற வீட்டில் அந்தத் தாளை என்ன செய்வது? மகன் அதை நாலாக மடித்துப் பொக்கற்றில் வைத்தான். அதற்குப் பிறகு அதை நான் காணவில்லை.

தங்கச்சி பள்ளிக்கூட ரீச்சர். அவள்தான் முதலில் பிள்ளை வைத்தியரைச் சனல் பண்ணச் சொன்னாள். ஊரை விட்டுக் கனகாலம் ஆனவர்களுக்காகச் சொல்கிறேன்: பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கிற விசேட வைத்தியர்களைப் பின்னேரம் தனியார் இடங்களில் காசு கட்டி இலக்கம் எடுத்துப் பார்ப்பதுதான் சனலிங். எங்களுக்கு 27ஆம் இலக்கம். ஐந்து மணி என்றார்கள், எட்டேகாலுக்குக் கூப்பிட்டார்கள். ஆனால் உள்ளே அந்த வைத்தியர் அவசரப்படவில்லை. கழுத்தின் பின்பக்கக் கறுப்பைப் பார்த்தா. அம்மா இரண்டு நாளாகக் கடலைமாவும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்த கறுப்பு அது. "இது ஊத்தை இல்லை. இன்சுலின் சரியா வேலை செய்யாமல் வாறது. தேய்ச்சால் போகாது, தோல்தான் புண்ணாகும்" என்று சொல்லி இரத்தப் பரிசோதனைக்கு எழுதினா. அட்டவணைப் பட்டினி வளர்கிற பிள்ளைக்குக் கூடாது என்றும் சொன்னா. கடைசியில் மகனைப் பார்த்து, "நித்திரை எப்பிடி? பள்ளிக்கூடத்தில ஆரும் பகிடி பண்ணுறவையோ?" என்று கேட்டா. அவன் பதில் சொல்லவில்லை. அவ ஓர் உளவளத்துணையாளரின் (கவுன்சிலரின்) பெயரை எழுதித் தந்தா.

யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை புதிய சாமான் இல்லை. போரும் 2004 சுனாமியும் அந்த வேலையை அங்கே வளர்த்துவிட்டன. ஆனால் எங்கள் சனத்துக்கு அது இன்னமும் ஆட்களை இழந்தவர்களும் இடம்பெயர்ந்தவர்களும் போகிற இடம்தான். கொழுத்த பெடியனுக்கு எதற்கு என்று அத்தானே கேட்டார். எனக்கும் உள்ளுக்குள் அந்தக் கேள்வி இருந்தது.

ஆனாலும் அந்த உளவளத்துணையாளரிடம் போனோம். ஓர் ஒழுங்கைக்குள் வீட்டின் முன் அறை. பெயர்ப்பலகை இல்லை. ஒருவர் போய் அரை மணித்தியாலம் கழித்துத்தான் மற்றவருக்கு நேரம் கொடுக்கிறா. ஆளுக்கு ஆள் முகம் பார்க்காமல் இருக்க. ஊரை அறிந்த ஏற்பாடு. தராசு இல்லை. வந்ததும் என்னை வெளியே போகச் சொன்னா. தன்னைத் தானே காயப்படுத்த நினைப்பதாகப் பிள்ளை சொன்னால் மட்டும் எனக்குச் சொல்வா, மற்றதெல்லாம் தங்களுக்குள் என்று அவனுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்தினா. ஐம்பது நிமிடம் மாமரத்தடியில் நுளம்புக்கடி வாங்கினேன்.

அவனுடைய தமிழ் வீட்டுத் தமிழ். மனசில் உள்ளதைச் சொல்ல இங்கிலிஸ்தான் வரும். அவ இரண்டிலும் மாறி மாறிக் கதைத்தா. இப்படிப் பிள்ளையோடு போகிறவர்கள் இதை முதலே கேட்டு வைப்பது நல்லது.

அவனிடம் ஒரு கொப்பி கொடுத்தா. கலோரிக் கணக்கு எழுத அல்ல. என்ன நடந்தது, மனசில் என்ன வந்தது, பிறகு என்ன செய்தேன், பசி பத்துக்கு எத்தனை. இரண்டாம் கிழமை, தானாகவே ஒரு பக்கத்தை எனக்குக் காட்டினான். 4.10: மாமா வயிற்றில் தட்டினார். மனசில்: எல்லாரும் பார்க்கிறார்கள். 4.25: நாலு மிதிவெடி (முட்டை வைத்துப் பொரித்த ரோல்), குசினிக்குள் நின்றபடி. பசி: 2.

அந்த 2 என்னை உலுக்கிவிட்டது. சாப்பாட்டு ஆசை என்று நான் நினைத்திருந்ததில் பசியே இல்லை. "பகிடியால ஒருத்தற்ற நிறையும் குறையிறேல்லை. ஒளிச்சுச் சாப்பிடத்தான் பழகுவினம்" என்று அவ பிறகு சொன்னா. 11 வயதில் பள்ளிக்கூடத்தில் நிறை எடுத்து வீட்டுக்கு அனுப்பிய கடிதத்தை, எங்களுக்கு முன் அவனே உடைத்து வாசித்தான் என்பதும் அங்கேதான் தெரிய வந்தது. இங்கிலாந்தில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வழமையாக நடக்கிற அளவெடுப்புத்தான். நாங்கள் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டு நீச்சல் வகுப்புக்குக் காசு கட்டினோம். உடுப்புக் கழற்ற வெட்கப்படுகிற பிள்ளைக்கு நீச்சல்!

மூன்றாம் முறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னா. அம்மா பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தா, கோர்ட்டுக்குப் போவது போல. சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லவில்லை. "போதும்" என்று பேரன் சொன்னால் இன்னொரு அகப்பை போடாமல் இருக்கவும், வருகிற ஆட்களுக்குச் சொல்ல ஒரு வசனமும் பழக்கினா. உண்மையாகவே நடித்துப் பார்த்தோம்; நான் அத்தான். அடுத்த ஞாயிறு அத்தான் கையை நீட்டியபோது அம்மா அடுப்படியிலிருந்தே சத்தம் போட்டா: "பெடியன்ர வண்டியைப் பற்றி இந்த வீட்டில கதைக்கிறேல்லை!" பழக்கிய வசனம் இவ்வளவு காரமில்லை. மகன் சிரித்துவிட்டான்.

மொத்தம் நாலு தடவை, மூன்று மணித்தியாலமும் இருபது நிமிடமும். அமெரிக்கப் பிள்ளை வைத்தியர் சங்கம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலில், குடும்பத்தோடு செய்கிற இப்படியான சிகிச்சைக்கு மூன்று முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் குறைந்தது 26 மணித்தியாலம் வேண்டும் என்று இருக்கிறது. அதனால் திருவிழாவுக்குப் போன இடத்தில் சுகம் கண்டு வந்தோம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறை கூடியதா குறைந்ததா என்றுகூடத் தெரியாது. அளக்கவில்லை.

வட்ஸ்அப்பில் தொடரலாமா என்று கேட்டேன். மறுத்துவிட்டா. "இரவில அவனுக்கு ஏதும் ஏலாமல் வந்தால் நான் அங்க என்ன செய்ய ஏலும்?" என்றா. அது எனக்கு ஏமாற்றம்தான்; ஆனால் நேர்மையான பதில். பதிலாக, செய்தது என்ன, மிச்சம் என்ன என்று இங்கிலிஸில் ஒரு கடிதம் எழுதித் தந்தா. ஊரில் இருக்கிற சொந்தக்காரருக்கு அந்தரமென்றால், இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தில் தமிழிலும் கதைக்கலாம்.

தேருக்கும் அவன் உள்ளே வரவில்லை. தேர் வெளிவீதிக்குத்தானே வருகிறது. சேர்ட்டோடு என் பக்கத்தில் நின்று பார்த்தான். கடிதத்தை இங்கே லண்டனில் குடும்ப வைத்தியரிடம் கொடுத்து மூன்று கிழமை. வரவேற்பில் இருந்த பிள்ளை ஸ்கான் பண்ணிவிட்டு, காத்திருக்கச் சொன்னாள்.