கொச்சிக்கு வார இறுதிச் சுற்றுலா: பணம் கட்டும் முன் கிழமையைப் பாருங்கள்

"வியாழன் இரவு புறப்பாடு, ஞாயிறு காலை வருகை" என்று விளம்பரம் செய்து, கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கொச்சிக்கு ஆள் சேர்க்கும் முகவர்களிடம் பணம் கட்ட நினைப்பவர்கள், எந்த இடத்தை எந்தக் கிழமையில் காட்டப்போகிறார்கள் என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கடலூரில் அலுவலகம் வைத்திருக்கும் அத்தகைய முகவர் ஒருவரிடம் ஒருவருக்கு 6,500 ரூபாய் வீதம் கட்டி, எங்கள் அக்கா குடும்பமும் நாங்களும் சென்று வந்தோம். அவர் அச்சடித்துக் கொடுத்த பயணத் திட்டம், அச்சான அன்றே நடக்க முடியாத திட்டம்.

வெள்ளிக்கிழமைக்கு அவர் எழுதியிருந்த முதல் இடம் மட்டாஞ்சேரி அரண்மனை. போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்து, பின்னர் டச்சுக்காரர்கள் புதுப்பித்ததால் டச்சு அரண்மனை என்று பெயர் பெற்ற அந்த மாளிகையின் இராமாயணச் சுவரோவியங்களைப் பார்ப்பதற்காகவே என் அக்கா இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டார். அந்த அருங்காட்சியகத்துக்கு வாராந்திர விடுமுறை வெள்ளிக்கிழமை. பக்கத்திலேயே இருக்கும், 1568-இல் கட்டப்பட்ட யூத ஜெபாலயம் யூதர்களின் ஓய்வு நாளை முன்னிட்டு வெள்ளி பிற்பகலிலும் சனிக்கிழமையும் திறந்திருப்பதில்லை. நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. ஆக, எங்களுக்கு அளிக்கப்பட்ட இரண்டு நாட்களிலும் அந்த இரண்டு இடங்களையும் ஒருசேரப் பார்க்க வழியே இல்லை. ஒரு நாளைக் கூட்டியோ கிழமையை மாற்றியோ திட்டமிட்டிருந்தால் தீர்ந்திருக்கும் சிக்கல் இது. கொச்சிக்கு ஆள் அழைத்துச் செல்வதையே தொழிலாகக் கொண்டவருக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

காலைப் பொழுது எங்கே போனது என்று கேட்பீர்கள். வேன் ஓட்டிவந்த தம்பி அதற்கு முன் கொச்சிக்கு வந்ததே இல்லை. "முதலாளி அனுப்பின இடத்துக்குத்தான் ஓட்டுறேன் அக்கா, எனக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்று அவர் சொன்னதில் பொய் இருந்ததாகத் தோன்றவில்லை. பார்க்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் வழி விசாரித்து அலைந்த அவருக்கு, ஒரு மசாலாக் கடையின் இருப்பிடம் மட்டும் முன்கூட்டியே கைபேசியில் துல்லியமாக வந்திருந்தது. ஏலக்காயும் மிளகும் விற்கும் அந்தக் கடையிலேயே முற்பகல் கழிந்தது.

அடுத்தது "துறைமுகக் கப்பல் உலா". இதற்கென முகவர் ஒருவருக்கு 400 ரூபாய் வீதம் தனியாக வாங்கியிருந்தார். எர்ணாகுளம் படகுத்துறையில் எங்களை இறக்கி, ஊர் மக்கள் வேலைக்கும் கடைத்தெருவுக்கும் போய்வரும் அரசுப் பயணிகள் படகில் கோட்டைக் கொச்சிக்கு அனுப்பிவைத்ததுதான் அந்த உலா. அதன் கட்டணம் சில ரூபாய் மட்டுமே. படகைக் குறை சொல்ல மாட்டேன். துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொண்டு உருவாக்கிய வெலிங்டன் தீவையும், நிற்கும் கப்பல்களையும் அத்தனை குறைந்த செலவில் பார்ப்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. 2023-இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ படகுகளும் இருக்கின்றன. அவற்றுக்கும் நாமே நேரில் சீட்டு எடுத்துக்கொள்ளலாம். என் புகார், சில ரூபாய்ச் சீட்டை 400 ரூபாய்க்கு விற்றது பற்றியது. கோட்டைக் கொச்சியில் சீன வலைகளையும், வாஸ்கோ ட காமாவை 1524-இல் முதலில் அடக்கம் செய்த பிரான்சிஸ் தேவாலயத்தையும் பார்த்தோம். இரண்டுக்கும் முகவர் தேவையில்லை.

சனிக்கிழமை ஆலப்புழை. பகல் முழுவதும் படகு வீடு என்று சொல்லியிருந்தார்கள். போய்ச் சேர்ந்தது மாலை நான்கு மணிக்கு. மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் என்பதால் மாலை ஐந்தரை வாக்கில் படகு வீடுகள் கரை ஒதுங்கிவிட வேண்டும். கிடைத்தது ஒரு சிறிய படகில் அரை மணி நேரச் சவாரி.

ஊர் திரும்பியதும் பணத்தைக் கேட்டபோது முகவர் சொன்ன பதில் இது: "சார், அரண்மனை மூடியிருந்ததுக்கு நான் என்ன செய்ய முடியும்? நுழைவுக் கட்டணத்தை வேணும்னா திருப்பித் தர்றேன்." அரண்மனை நுழைவுச் சீட்டின் விலையைத் தெரிந்தவர்களுக்கு இதிலுள்ள ஏளனம் புரியும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அதில் முடிவு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து இலட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. அச்சடித்த பயணத் திட்டமும், தனித்தனியாகத் தொகை குறித்த ரசீதும் கையில் இருப்பதே எனக்கு இப்போதுள்ள பலம். ரசீது கேட்டபோது அவர் முகம் சுளித்தார். வற்புறுத்தி வாங்கியவர் என் மனைவி. வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், கையெழுத்தோடு வாங்குங்கள். அடுத்த மாதமும் அதே முகவர் அதே கிழமைகளில் கொச்சிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார், முதல் நாள் நிகழ்ச்சியாக மட்டாஞ்சேரி அரண்மனையைப் போட்டு.