புதுச்சேரி தேங்காய்த்திட்டில் விலைக்கு நிற்கும் பழைய 31 அடி தூண்டில் படகு: வாங்கலாமா?

உடல் அருமை, பின்பலகை (எஞ்சினைத் தாங்கும் பின்பக்கச் சுவர்) மோசம், சொல்கிற விலை அதிகம். நம் பக்கத்துத் தூண்டில்காரர்கள் பலர் கேட்டுக்கொண்டே இருப்பதால் நேரில் போய்ப் பார்த்து, கடலிலும் ஓட்டிவிட்டு எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 1961-இல் வந்த பெர்ட்ராம் 31 என்ற படகைப் பார்த்து வார்த்தது என்று அடிப்பாகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. படகு வடிவமைப்பாளர் ரே ஹன்ட் வரைந்த அந்த ஆழமான 'வி' அடி பின்முனையில்கூட 24 டிகிரி சரிவோடு இருக்கும். 1960 மியாமி-நாசாவ் விசைப்படகுப் பந்தயத்தில் அதே மாதிரி அடியுள்ள மோப்பி என்ற மரப்படகுதான் கொந்தளித்த கடலில் முதலாவதாக வந்தது. அந்த வடிவம் நமக்கு எதற்கு என்றால், அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அலை உடைகிற இடத்தைத் தாண்டித்தானே வெளியே போகவேண்டும், தட்டையான அடியுள்ள படகு அங்கே டமார் டமார் என்று அடித்து முதுகை உடைத்துவிடும், இது அலையைக் கிழித்துக்கொண்டு மெத்தென்று இறங்கியது. கடலடிப் பள்ளத்தாக்கு விளிம்பு வரை போய்ச் சூரையும் மயில்மீனும் தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல உடல் கிடைப்பது கஷ்டம். ஆனால் சாரல் அதிகம், வாடைக்காற்றில் எல்லோரும் தொப்பலாக நனைந்தோம். எஞ்சினை அணைத்து ஜிக் (ஈயப் போலி இரை) போடும்போது பக்கவாட்டில் நன்றாகவே உருளும். இரண்டும் இந்த வடிவத்தின் குணம், சரிசெய்ய முடியாது.

சரி, பின்பலகைக்கு வருவோம். பெர்ட்ராமில் எஞ்சின் உள்ளே இருக்கும். இதில் யாரோ அதைக் கழற்றிவிட்டு இரண்டு அவுட்போர்டுகளை (வெளியே மாட்டும் எஞ்சின்களை) பின்னால் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன், மேலே டக் டக் என்று கணீரென்ற சத்தம், வலது எஞ்சின் போல்ட்டுகளுக்குக் கீழே பொத்தென்று அமுங்கிய சத்தம். எஞ்சினைத் தூக்கி நிறுத்தி அழுத்தினால் பலகை அசைந்து, போல்ட் ஓரத்தில் பழுப்புத் தண்ணீர் கசிந்தது. துளைகளைச் சரியாக அடைக்காததால் உப்புத்தண்ணீர் இறங்கி உள்ளே பிளைவுட் ஊறிப்போயிருக்கிறது. மேலே பூசி மறைக்கிற வேலை இல்லை, உட்பக்க ஃபைபரை வெட்டியெடுத்து மரைன் பிளை (படகுக்கான பிளைவுட்) புதிதாக வைக்கவேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் பழுதுபார்க்கக் கரையேறிவிடும், அப்போது ஃபைபர் வேலைக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

எஞ்சின்களை நாங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தார்கள். நீங்கள் சொல்லாமல் போங்கள், எஞ்சினைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆறின நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், கம்ப்ரெஷனும் (சிலிண்டர் அழுத்தம்) பாருங்கள். எஞ்சின் நம்பரும் காகிதமும் ஒத்துப்போகிறதா என்பது முக்கியம்.

பின்பலகைச் செலவை விற்பவர் முழுக்க விலையில் கழித்தால் தயங்காமல் வாங்கலாம். கழிக்க மறுத்தால் அவுட்போர்டுகளை அவரையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, உடலுக்கு மட்டும் விலை பேசுங்கள்.